எங்கள் வார்டில் சாவு இல்லை

9 ஜனவரி 1978

இன்று மூன்று பிரசவம். இடுப்பு விட்டுப்போயிற்று. மூன்றாவது, காலனிப் பொன்னாத்தாள். உள்ளே இரண்டு கட்டில் காலியாகக் கிடந்தும் அவளுக்குப் பின்வராந்தாவில் பாய்தான். "அந்தத் தெரு ஆளுகளக் கட்டில்ல ஏத்துனா மத்தவுக இங்க வர மாட்டாக சிஸ்டர்" என்பது டாக்டர் சண்முகராஜ் தினமும் பாடுகிற பாட்டு. அவர் வாசலிலேயே நின்று, "வலி எப்பருந்து?" என்று கேட்டுவிட்டுப் போனார். வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. மற்ற இருவரையும் முடித்துவிட்டு நான் ஓடியபோது பிள்ளையின் கால் வெளியே வந்திருந்தது. தலை மாட்டிக்கொண்டது. டாக்டரை இழுத்துவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. அவளுக்கு இப்படிப் போகிற இரண்டாவது பிள்ளை இது.

10 ஜனவரி

பொன்னாத்தாள் துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். "வாரேன் நர்சம்மா" என்று சிரிக்க வேறு செய்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

2 பிப்ரவரி

மதுரையிலிருந்து சுகாதார அதிகாரி கஸ்தூரியம்மாள் வந்தார். "எல்லாரையும் ஒரே மாதிரிதான பாக்குறீங்க?" என்று கேட்டார். "கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஏது மேடம் வித்தியாசம்?" என்றார் டாக்டர். என் வாய் சும்மா இருக்குமா? "எண்ணிப் பாத்தாத் தெரிஞ்சுபோகும் மேடம்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் முகம் கறுத்தது. "சரி, எதை எண்ணலாம்?" என்று அந்தம்மா என்னையே கேட்டார்.

கட்டில் கொடுத்தாரா, தொட்டுப் பார்த்தாரா என்றெல்லாம் எழுதினால் இல்லை என்று சாதித்துவிடுவார். சாவை எப்படி இல்லை என்பார்? வார்டுக்குள் நடக்கிற சாவைத் தெருவாரியாக எண்ணுவோம் என்றேன். அந்தம்மா என் முதுகில் தட்டினார். என்னை நானே மெச்சிக்கொண்டேன்: ஜெபராணி, உனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறதடி!

18 ஏப்ரல்

போன வருடத்துப் பதிவுகளை எண்ணி முடித்தேன். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நம்ப முடியாமல் இன்னொரு தடவை எண்ணினேன். இத்தனை பிரசவத்துக்கு இத்தனை சாவு என்று பார்த்தால், ஊருக்குள் ஒரு பிள்ளை செத்த இடத்தில் காலனிக்கு நான்கு. ஒரே டாக்டர், ஒரே மருந்து, ஒரே கூரை. கூரைகூட ஒன்றில்லை, வராந்தாவுக்குத் தகரம்.

10 மே

கஸ்தூரியம்மாள் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினார். "அடுத்த வருஷமும் இந்த வித்தியாசம் இருந்தா நான் மேலே எழுதவேண்டி வரும் டாக்டர்." டாக்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் நானும் போய் நின்று பொரி வாங்கித் தின்றேன். சர்ச்சுக்குப் போகிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

17 ஜூலை

மலைக்காற்று ஜன்னலைப் பிய்க்கிறது. டாக்டர் மாறித்தான் போனார். காலனியிலிருந்து ஒரு பெண் வந்ததும் தானே எழுந்து வந்தார். "சிக்கலாத் தெரியுது, மதுரைக்குக் கூட்டிப் போங்க" என்று உடனே சீட்டு எழுதிக் கொடுத்தார். ஜாக்கிரதையாக இருக்கிறார், நல்லதுதான்.

22 செப்டம்பர்

பொன்னாத்தாளுக்கு மறுபடி ஐந்து மாதம். காலனிக்குப் போயிருந்தேன். மாமியார் ஜக்கம்மா முகம் கொடுக்கவில்லை. "வீட்லயே மருத்துவச்சிய வச்சுப் பாத்துக்கிறோம் தாயி. அங்கன வந்து பட்டது போதும்."

"இப்ப எல்லாம் மாறிப்போச்சு ஆத்தா. இந்தத் தடவ கட்டில்ல படுக்க வச்சுப் பாப்பாக. நான் பொறுப்பு" என்றேன்.

"கட்டில்ல படுத்துப் பழக்கமில்லையே, உருண்டு விழுந்துட்டா?" என்று பொன்னாத்தாள் சிரித்தாள். ஜக்கம்மாவும் சிரித்துவிட்டாள். வர ஒத்துக்கொண்டார்கள்.

3 டிசம்பர்

இந்த வாரம் காலனியிலிருந்து வந்த நான்கு பேரும் மதுரைக்கு. நான்கு பேருக்குமா சிக்கல்? பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஒருத்திக்கு ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டிலேயே பிரசவமாகிவிட்டதாம். நேராகவே கேட்டேன். டாக்டர் நிமிரவில்லை.

"இங்க வச்சுப் பாத்து ஏதாவது ஆனா, நீங்கதான எண்ணி எழுதுவீங்க சிஸ்டர்?"

ஜக்கம்மாவிடம் சொல்லவேண்டுமா? சொன்னால் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள், அதுவும் ஆபத்து. பொன்னாத்தாள் வரும்போது நான் பக்கத்தில் இருப்பேன். மதுரைக்கு அனுப்ப விடமாட்டேன்.

28 ஜனவரி 1979

பொன்னாத்தாள் செத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, பாடிக்கிட்டிருந்தேனே!

30 ஜனவரி

நடந்தது அவள் புருஷன் சங்கிலி சொல்லித்தான் தெரியும். வந்ததுமே என்னைத்தான் கேட்டிருக்கிறாள். "நர்சம்மா வரட்டும், கட்டில் தாரேன்னாக" என்றாளாம். டாக்டர் வாசலில் நின்றபடியே சீட்டை நீட்டியிருக்கிறார். ஒரு பிளசர் காரைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது ரத்தம் கொட்டத் தொடங்கியது, நிற்கவில்லை. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது.

அன்றைக்கு எத்தனை கட்டில் காலி என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அவள் பெயரைக் கணக்கில் எழுதப் போனேன். "இது வார்டுச் சாவு இல்லையே சிஸ்டர். வார்டுக்குள்ளன்னு சொன்னது நீங்கதான?" என்றார் டாக்டர். ஆமாம், நான்தான் சொன்னேன். பாவி, நான்தான் சொன்னேன்.

12 மார்ச்

கஸ்தூரியம்மாள் வந்தார். போன மே மாதத்துக்கு அப்புறம் வார்டில் காலனிச் சாவு ஒன்றுகூட இல்லை என்று வாசித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து பொன்னாத்தாளைப் பற்றிச் சொன்னேன், மதுரைக்கு விரட்டப்பட்ட மற்றவர்களைப் பற்றியும் சொன்னேன். "வழியில நடக்கிறதுக்கு ஆஸ்பத்திரி என்னம்மா செய்யும்? நல்லது நடந்திருக்கு, அதையும் பாருங்க" என்றார் அந்தம்மா. கெட்டவர் இல்லை. என் கணக்கை நம்புகிறவர். இனி மற்ற ஆஸ்பத்திரிகளிலும் இதே முறையில் எண்ணப் போகிறார்களாம்.

20 ஏப்ரல்

காலனியிலிருந்து இப்போது யாருமே வருவதில்லை. லீவு போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஜக்கம்மா வீட்டுக்கு உள்ளிருந்து முனகல் கேட்டது. அவள் மகளுக்கு வலி கண்டிருக்கிறது. ஜக்கம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை.

"உங்க வார்த்தய நம்பித்தான அவள அனுப்புனோம் தாயி. நீங்க போங்க."

"நான் தொட்டுப் பாக்குறேன் ஆத்தா, ஒரே ஒருவாட்டி" என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். பையை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். முனகல் நின்று நின்று கேட்டது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.