கொடுக்கவில்லை, ஸ்டாக் இல்லை

ஜூன் 9, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரி, பெண்கள் சர்ஜரி வார்டு: கட்டில் இருபத்திரண்டு, ஆள் இருபத்தொன்பது. ஸ்டோருக்கு அனுப்பிய சீட்டு திரும்பி வந்தது.

கையுறை, ஆறரை சைஸ் – இல்லை
மூத்திரக் குழாய் – இல்லை
டிரிப்ஸ் ஏற்றும் கேனுலா – தடித்த பச்சை மட்டும் (வயசானவர்கள் நரம்புக்கு அது கடப்பாரை)
ஆன்டிபயாட்டிக் ஊசி – இன்று ராத்திரி வரை

ஸ்டோர்காரர் போனில் சிரிக்கிறார். "சப்ளைக்காரன் நிறுத்தி. ஞான் எந்து செய்யும் சிஸ்டரே?" சிரிப்பதை நிறுத்தலாமே.

ஒன்பதாம் கட்டில் பேச்சியம்மாள், தென்காசிப் பக்கம். குடல்வால் வெடித்து வந்தவள். ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள், காயத்தில் சீழ். எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. புருஷன் மாடசாமி, கலூரில் கட்டட வேலை. வந்த நாள் முதல் எல்லோருடனும் சண்டை. எனக்குத் தமிழ் வரும் என்று தெரிந்தபின் மொத்தச் சண்டையும் என்னோடு.

ஜூன் 10, செவ்வாய்

ஊசி தீர்ந்தது. இரவு டியூட்டி நர்ஸ் அனீஷா கேஸ் ஷீட்டில் காலை ஆறு மணிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லவும் இல்லை. எட்டு மணிக்கு நான் பார்த்து, மாடசாமியிடம் சீட்டு கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தா கடைக்குப் போவச் சொல்லுதீங்க. பொறவு நீங்கள்லாம் எதுக்கு?"

"மருந்து உண்டாக்கறது நானில்லே."

"தமிழச்சின்னு நெனச்சேன். வாய் மட்டுந்தான் தமிழு."

மட்டாஞ்சேரியில் எத்தனை தலைமுறை ஆயிற்று எங்களுக்கு. இங்கே உள்ள மலையாளிகளுக்கு நான் பாண்டி, தமிழச்சி. இவனுக்கு இது.

மட்டாஞ்சேரிக் கடைகளில் ஊசி இல்லை. தோப்பும்படியில் இல்லை. எர்ணாகுளம் போய், நனைந்து, மாலை ஆறுக்குக் கொண்டுவந்தான். அதற்குள் இரண்டு வேளை போயிற்று. கேஸ் ஷீட்டில் இரண்டு கட்டத்திலும் எழுதினேன்: கொடுக்கவில்லை, ஸ்டாக் இல்லை. கையெழுத்து, நேரம்.

ஜூன் 11, புதன்

பேச்சியம்மாளுக்கு 103. காயத்தைத் திறந்து கழுவ மறுபடி தியேட்டர். டாக்டர் பெரிய சைஸ் கையுறையில் விரல் நுனி தொங்க வேலை செய்தார். திட்டு எனக்கு.

மதியம் சூப்பிரண்டு அறைக்கு அழைப்பு. மேசையில் அந்தக் கேஸ் ஷீட். அவர் மலையாளத்தில் சொன்னது, என் தமிழில்:

"வீட்டு ஆட்கள் மருந்து வாங்கித் தரவில்லை என்று எழுதினால் போதுமே. வேறு தாளில் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள்."

"வாங்கிக் கொடுத்தான் சார்."

"தாமதமாக."

"நாம சொன்னதே தாமதமாத்தானே."

ஏலூரில் ஒரு நர்ஸ் இடம் காலி, தெரியுமா என்று கேட்டார். குரலில் சர்க்கரை.

வீட்டுக்காரர்: "நமக்கெந்துக்கு வம்பு? எழுதிக் குடுத்துட்டு வா." இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு நிம்மதி. ஆஸ்பத்திரியில் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

ஃபைலில் புதுத் தாள். செவ்வாய்க்கிழமை முழுவதும் அனீஷாவின் கையெழுத்தில். 'வாங்கித் தரவில்லை.' நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பழைய தாள் அடியில் இருந்தது. நான் போட்டதும் கிழிப்பார்கள் போல.

வேலை இன்னும் நிரந்தரமாகாத அனீஷா: "சேச்சி, எனக்கு ஜோலி ஸ்திரமாகல்லே. சபிக்கண்டா."

வாயால் சபிக்கவில்லை.

ஒரு மணி. டிபன் பாக்ஸோடு வெளியே வந்தேன். மாடசாமி குப்பைத் தொட்டியை உதைத்தான். "எம் பொண்டாட்டியக் கொன்னுபோட்டு சோறு திங்கப் போறியா?" செக்யூரிட்டி ஓடி வந்தார். அந்த நிமிஷம் அவனை அடித்திருப்பேன். அடிக்காமல் மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனேன்.

"கேஸ் ஷீட் காப்பி வேணும்னு ஆபீஸ்ல எழுதிக் கொடு. இப்பவே."

"என்னிய எதுலயும் மாட்டி வுடப் பாக்கியா?"

"உன்னக் கண்டாலே எனக்குப் பிடிக்கல்லே. ஆனாலும் சொல்லறேன், போ."

மலையாளம் எழுத வராது என்றான். தமிழும் கையெழுத்து அளவுக்குத்தான். டிபன் பாக்ஸ் மூடி மேல் தாளை வைத்து மனுவை நானே எழுதினேன். என் எழுத்தை இந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அனீஷாவின் தாளை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஃபைலை ஆபீசுக்கு நானே கொண்டுபோனேன். கிளார்க்குக்கு விவகாரம் தெரியாது. நகலெடுத்து, சீல் வைத்துக் கொடுத்துவிட்டார். மாடசாமி நன்றி சொல்லவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

மேலிடத்துக்காரர்கள் மூன்று பேர். வார்டில் புது விரிப்பு. மாடசாமி நேராகப் போய் நகலை நீட்டினான். "என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. படிச்சு எனக்கும் சொல்லுங்க." ஒருவர் படித்தார். உரக்கப் படித்தார். சூப்பிரண்டு மனுவைக் கேட்டு வாங்கி எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ஊசி நான்கு பெட்டி வந்தது. எங்கிருந்து? யாரும் சொல்லவில்லை. எங்கோ இருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமையும் அங்கேயேதான் இருந்திருக்கும். கோபத்தில் பெட்டியைக் கிழித்துத்தான் பிரித்தேன்.

பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல் 99. கஞ்சி குடித்தாள்.

ஜூன் 14, சனி

ஏலூருக்கு மாற்றல். திங்கள் காலை சேர வேண்டும். இங்கிருந்து இரண்டு பஸ். வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.

சாவிகளை அனீஷாவிடம் ஒப்படைத்தேன். அழுதாள். அவள் எழுதிய தாளைக் கையில் கொடுத்து, "கிழிச்சுக் களை" என்றேன். அதற்கும் அழுதாள்.

படியிறங்கும்போது மாடசாமி. எப்படியோ தெரிந்திருக்கிறது.

"என்னாலயா மாத்திட்டாங்க?"

"ஆமா. உன்னாலதான்."

இல்லை என்று சொல்வேன் என்று நினைத்தான் போல. நின்றான். நானும் மாற்றிச் சொல்லவில்லை. வண்டி வரும் நேரம்.

"ரெண்டு மணி ஊசி யாரு போடுவா?" என்று கேட்டான்.

"அனீஷா, அந்தச் சின்னப் பிள்ளை. ஒன்றேமுக்காலுக்கே பக்கத்துல போயி நில்லு. போட்டதும் எழுதறாளான்னு பாரு."

சரி என்று மேலே ஏறினான். அப்போது ஒன்றரை.