பத்திரத்தில் இரண்டு பெயர்

மத்தூர்,
ஜூலை 12

என் கண்ணு சுஜாதாவுக்கு அம்மா ராஜாத்தி எழுதுவது. நீயும் சுரேந்தரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாலு வருடம் கழித்து இப்போதுதான் நினைவு வந்ததா என்று கிழித்துப் போட்டுவிடாதே, முழுவதும் படி. உன் புனே விலாசத்தை மோகனப்ரியா கொடுத்தாள். போச்சம்பள்ளி கம்பெனியில் உன்னோடு ஒரே லைனில் நின்றாளே, அவளும் அவள் வீட்டுக்காரர் கமலக்கண்ணனும்தான் இப்போது நம் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். போன் போடச் சொன்னாள். போன் என்றால் அழுதே தீர்த்துவிடுவேன். சொல்ல வந்ததோ சந்தோஷ சமாச்சாரம்.

போன மாதம் வருமான வரி ஆபீஸிலிருந்து அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. வாடகை வருமானத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள். வரிச் சலுகைக்காகக் கமலக்கண்ணன் கம்பெனியில் கொடுத்த வாடகை ரசீதில் அப்பாவின் பான் நம்பர் இருந்திருக்கிறது. அப்பாவின் கோபம் உனக்குத் தெரியாததா? வாங்கின வாடகை மொத்தமும் போய்விடும் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அவர்களைக் காலி பண்ணச் சொல், மாடி பூட்டியே கிடக்கட்டும் என்று ஒரே சத்தம். மோகனப்ரியா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான்தான் விடாப்பிடியாகக் கிருஷ்ணகிரிக்கு ஆடிட்டர் ஜோதிமணியிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டால் வாங்கின வாடகை முழுவதற்கும் வரி போட மாட்டார்களாம், ஒரு பங்குக்கு மட்டும்தானாம். அந்தப் பகுதிக்குக் கட்டின வீட்டு வரியைக் கழித்து, மீதியில் நூற்றுக்கு முப்பதைப் பராமரிப்புக்கென்று விட்டுவிடுவார்களாம். மாடி கட்டின கடனுக்கு வட்டி கட்டுகிறோமே, அதையும் கழிக்கலாமாம். உன் அப்பா பெயிண்ட் வாங்கினது, குழாய் மாற்றினது என்று ஒரு மஞ்சள் பை நிறைய ரசீது கொண்டுபோயிருந்தார். பில்லே தேவையில்லை என்று அவள் பையைத் திறக்கவே இல்லை. அதற்கும் அவருக்கு ஒரு கோபம்.

பிறகு வீட்டுப் பத்திரத்தைக் கேட்டாள். அதில் நாராயணப்பன், அவர் மகள் சுஜாதா, ஆளுக்குப் பாதி என்று இருந்தது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன் சம்பளத்தையும் காட்டித்தானே லோன் வாங்கினோம், அப்போது சேர்த்த பெயர். நீ சுரேந்தரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போன பிறகு உன் பெயரை எடுத்துவிட்டதாகத்தான் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். நானும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன், பார்!

அப்படியானால் வாடகையில் பாதி உன் பங்கு, அப்பா கணக்கில் பாதிதான் வரும், உன் பான் நம்பர் மட்டும் வேண்டும் என்றாள் ஜோதிமணி. நீ வெளியூரில் இருப்பது தொந்தரவு என்றால், உன் பங்கை விட்டுக்கொடுப்பதாக உன்னிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒரே பெயராக்கிவிடலாம் என்றும் சொன்னாள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “என்னாத்துக்கும்மா எடுக்கணும்? அது எம் பொண்ணு சுஜாதா வூடு. அவ பேரு அப்படியே இருக்கட்டும்” என்றார். காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நாலு வருடமாக அந்த வாயில் உன் பெயர் வரவில்லை, கண்ணு. நான் அங்கேயே அழுதேன், சிரிக்கவும் செய்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில், புனேயில் இந்நேரம் மழையா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? சாயங்காலம் அவரே மாடி ஏறி, காலி பண்ண வேண்டாம் என்று சொல்லி, நாகரசம்பட்டி மாம்பழம் ஒரு பை கொடுத்துவிட்டு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவருக்கு வராது. இன்று காலையில் ஸ்பீட் போஸ்ட் கவர் ஒன்றை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அந்தக் கவரில்தான் இது வருகிறது.

மாதக் கடைசிக்குள் உன் பான் நம்பர் வேண்டும். மோகனப்ரியாவின் வாட்ஸ்அப்புக்கு நீ அனுப்பினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், அனுப்பாதே. கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு நேரில் வா. நேரில்தான் தருவாயாம் என்று அப்பாவிடம் நானாகவே சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினார். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, சாமி.

இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் அம்மா,
ராஜாத்தி