பூசைச் சீட்டில் இரண்டு பெயர்கள்

டெட்சா, மலாவி
29 ஜூலை 2024

அன்புள்ள மர்சலினுக்கு,

இயேசுவுக்குப் புகழ். வந்து எட்டு நாள் ஆகிறது. இந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் போன் சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் முப்பது வருஷம் கிண்டியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே வெல்டிங் பாடம் நடத்தியவன் காதில் என்ன விழப்போகிறது? அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வாரம் ஒருமுறை டவுனுக்குப் போகும் பாதர் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். நீயும் அப்படியே அனுப்பு. அவர் மலையாளி, தமிழ் படிக்கத் தெரியாது. தைரியமாகத் திட்டலாம்.

மாணவர்கள் இருபத்தாறு பேர், அதில் ஒன்பது பெண்கள். இதுவரை மூன்று முகமூடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வெல்டிங் செய்திருக்கிறார்கள். நம் பங்குக் கோயில் மக்கள் வசூல் செய்து வாங்கிக் கொடுத்த புது முகமூடிகளைப் பிரித்தபோது கை தட்டினார்கள். சாப்பாடு மக்காச்சோளக் களி. தொட்டுக்கொள்ள ஏரிக் கருவாடு, நெத்திலி மாதிரியே இருக்கிறது. மாத்திரையை மறக்காதே.

விக்டர்

*

சாந்தோம்
6 ஆகஸ்ட் 2024

திரு. விக்டர் அவர்களுக்கு,

மாத்திரை போடுகிறேன். உங்கள் புண்ணியத்தில் பிரஷர் ஏறித்தான் இருக்கிறது.

தன்னார்வலராகப் போகிறவர்கள் பேரைப் பாதர் பீடத்திலிருந்து வாசித்தபோது நானும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினேன், யாரோ ஒரு விக்டர் என்று. பக்கத்தில் இருந்தவள் "குடுத்து வெச்சவ நீ" என்று கையைப் பிடித்தபோதுதான் அது என் வீட்டு விக்டர் என்று தெரிந்தது. கட்டின பெண்டாட்டிக்குக் கோயில் அறிவிப்பில்தான் சேதி வர வேண்டுமா?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பீரோ மேலே நம் பிள்ளை ரொனால்டின் பெட்டியைக் காணோம். ரங்கநாதன் தெருவில் அவனோடு மூணு மணி நேரம் அலைந்து வாங்கின பெட்டி. மஸ்கட்டில் வேலை கிடைத்து, நான் துணி அடுக்கி வைத்து, கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதுதானே சர்தார் படேல் ரோட்டில் பைக்கோடு போய்ச் சேர்ந்தான்? ஏழு வருஷமாக நான் அதைத் திறந்ததில்லை. யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? உள்ளே இருந்த துணியெல்லாம் எங்கே?

மர்சலின்

*

டெட்சா
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மர்சலினுக்கு,

துணிகள் உன் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. நீலக்கட்டம் போட்ட சட்டையை மட்டும் நான் போட்டுக்கொண்டு வந்தேன். எனக்குக் கொஞ்சம் இறுக்கம். அவனால் போக முடியாத வெளிநாட்டுக்கு அவன் பெட்டியாவது போகட்டும் என்று தோன்றியது, எடுத்துவிட்டேன்.

உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். நீ வேண்டாம் என்றால் நான் கிளம்பியிருக்க மாட்டேன். அதனால்தான் கேட்கவில்லை. கோழைத்தனம்தான். ஆனால் யோசித்துப் பார். உள்ளறையில் நீ ஜெபமாலை சொல்வாய், ஹாலில் நான் டிவி சத்தத்தை ஏற்றி வைத்து உட்கார்ந்திருப்பேன். இந்த ஏழு வருஷத்தில் அவன் பேரை நாம் ஒருவருக்கொருவர் எத்தனை முறை சொல்லியிருப்போம்? இங்கே காலை ஏழு மணியிலிருந்து யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். அக்டோபர் 31 கிளம்பும் டிக்கெட்டை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். உன் எண்ணம் என்ன?

விக்டர்

*

டெட்சா
29 செப்டம்பர் 2024

மர்சலின்,

நான் எழுதி ஐந்து வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்கு அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பாதர் தன் போனைக் காட்டிச் சொல்கிறார். படித்தும் பதில் போடவில்லை என்றால், நான் வந்தாலும் வராவிட்டாலும் உனக்கு ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளட்டுமா? அப்படியானால் இருக்கிறேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

9ஆம் தேதி அவன் நினைவு நாள், பூசையில் வாசிக்கச் சீட்டு எழுதிக் கொடு.

விக்டர்

*

சாந்தோம்
9 அக்டோபர் 2024

ரொனால்ட் அப்பாவுக்கு,

இன்று காலை ஆறு மணிப் பூசையில் உங்களைச் சாகடித்துவிட்டார்கள்.

நேற்றே கோயில் ஆபீசில் சீட்டு எழுதிக் கொடுத்தேன். முதல் வேண்டுதல் கருத்து, கணவர் விக்டர் வெளிநாட்டிலிருந்து நலமாகத் திரும்ப. இரண்டாவது, மகன் ரொனால்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. காலையில் வாசிக்கிறார்கள்: "ரொனால்டின் வெளிநாட்டுப் பயணம் நலமாக அமையவும்..."

மஸ்கட் விசா வந்த அன்று நான் எழுதிக் கொடுத்த கருத்து அதேதான், நினைவிருக்கிறதா? என் பிள்ளை எங்கேயோ ஊருக்குப் போயிருக்கிறான், திரும்பி வருவான் என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. பாவி, நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அடுத்து, "மறைந்த விக்டரின் ஆன்மா இளைப்பாறவும்" என்றார்கள்.

ஆபீசில் புதுசாகச் சேர்ந்த லாரன்ஸைப் போய்க் கேட்டேன். "ஆன்ட்டி, பசங்கதானே ஃபாரின் போவாங்க, பெரியவங்கதானே இறந்திருப்பாங்க. நீங்க பேரை மாத்தி எழுதிட்டீங்கன்னு நான்தான் திருத்துனேன்" என்கிறான். அவனை என்னவென்று திட்டுவது? உலகத்தில் நடக்க வேண்டிய முறைப்படிதான் அவன் எழுதியிருக்கிறான்.

பத்து மணிக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் பொன்மணி கூடையை இறக்கிவிட்டு அழுகிறாள். "இன்னாக்கா, அண்ணன் பூட்டாராமே, எங்கைல ஒரு வார்த்த சொல்லலியே. பாடி எப்பக்கா வருது?"

"முப்பத்தொண்ணாந் தேதி கிளம்பி வர்றதா இருந்துச்சு. இப்ப அதுவும் சந்தேகம்" என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

இத்தனை வாரமாகக் கோபத்தில்தான் எழுதவில்லை. பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரைக் கிலோ மீன் வாங்கி, பாதியை மேல்வீட்டுக்குக் கொடுக்கிறேன். டிவி சத்தம் இல்லாமல் தூக்கம் வராததால் உங்கள் பாழாய்ப்போன செய்தி சேனலைப் போட்டுவிட்டுப் படுக்கிறேன். இன்றைக்கு ஒன்று புரிந்தது. ரொனால்ட் சிரிக்கும்போது மூக்கைச் சுருக்குவான் என்று தெரிந்த ஆள் என்னைத் தவிர நீங்கள் ஒருத்தர்தான். நீங்களும் இல்லையென்றால் அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

வரச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் தேவை என்றால் நான் குறுக்கே நிற்கக் கூடாது. ஆனால் எனக்கு ஒன்றுதான் என்று எழுதினீர்களே, அது மட்டும் பொய்.

மர்சலின்

*

டெட்சா
16 அக்டோபர் 2024

அன்புள்ள மர்சலினுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். முகமூடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூக்கு மட்டுமா? சிரிப்பு அடங்கியதும் இடது காதை இழுத்துவிட்டுக்கொள்வான். நீ கவனித்திருக்கிறாயா?

டிக்கெட்டை மாற்றவில்லை. இருக்கிறேன் என்று சொல்லிவிடுவதாக எழுதினேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. உன் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். என் இடத்துக்கு ஜனவரியில் ஒருவர் வருகிறாராம். அதுவரைக்கும் பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள்.

ஒரு விஷயம். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்வேன். சிசோமோ என்று ஒரு பெண், வகுப்பில் அவள் வெல்டிங்தான் சுத்தம். தலைநகரில் லாரி பாடி கட்டும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. துணிமணிகளைப் போர்வையில் மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். ரொனால்டின் பெட்டியை அவளுக்குக் கொடுக்கலாமா? நீ வேண்டாம் என்றால் நிச்சயம் கொண்டுவந்துவிடுவேன். பீரோ மேலே அதே இடத்தில் வைத்துவிடுகிறேன்.

ரொனால்ட் அப்பா

*

சாந்தோம்
23 அக்டோபர் 2024

ரொனால்ட் அப்பாவுக்கு,

காதை இழுப்பான் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு நாளாகப் போட்டோக்களில் தேடுகிறேன். போட்டோவில் எப்படித் தெரியும்? வந்து செய்து காட்டுங்கள்.

பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். வலது பக்க ஜிப் பாதியில் மாட்டும், மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். உள் பையில் சின்னதாக ஒரு வேளாங்கண்ணி மாதா படம் நான் வைத்தது இருக்கும். அதை எடுக்க வேண்டாம், அவளோடு போகட்டும். நீங்கள் துணிப்பையில் கட்டிக்கொண்டு வாருங்கள்.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். அவன் கல்லறைச் சிலுவைக்கு வெள்ளையடிக்க ஆள் வைக்கவில்லை. வருஷா வருஷம் நீங்கள்தானே அடிப்பீர்கள். சுண்ணாம்பு வாங்கி வைத்துவிட்டேன்.

நீங்கள் வந்து இறங்கும் 1ஆம் தேதி காலைப் பூசைக்கும், நீங்கள் நலமாக வீடு வந்து சேர என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். லாரன்ஸ் அதை ரெஜிஸ்டரில் எழுதி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த முறை பேரை மாற்றிவிட அவனுக்கு வழியே இல்லை. இந்தச் சீட்டில் ஒரே ஒரு பேர்தான் இருக்கிறது.

ரொனால்ட் அம்மா