சுருக்கமாச் சொல்லுங்கோ

எடிசன், நியூ ஜெர்சி
12 அக்டோபர் 2003

அன்பு மகள் பவதாரணிக்கு,

நாங்கள் நல்ல சுகம். உன் சுகத்தை டெலிபோனில் கேட்டால் "ஓம்" என்ற ஒரு சொல்தான் வருகிறது. ஆகவே கடிதத்தில் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? ரீகாவில் குளிர் தொடங்கிவிட்டதா?

கோடை விடுமுறைக்கு வந்தபோது ஆளில்லாத நேரம் பதில் சொல்லும் டெலிபோன் மெஷினில் இருந்த என் பேச்சை அழித்துவிட்டுப் போனாயே, அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. நான் வணக்கம் சொல்லி, அம்மாவின் பெயரையும் சொல்லி, மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று வருவதற்குள் அது கூக்கென்று கத்தி என்னை அறுத்துவிடும், உண்மைதான். இப்போது நீ சொல்லித் தந்தது மட்டும் என் குரலில் இருக்கிறது: "வீட்டில ஒருத்தரும் இல்லை. சுருக்கமாச் சொல்லுங்கோ." அதைக் கேட்ட பவளம் அன்ரி அம்மாவைப் பிடித்துக் கேட்டாவாம், "மேர்சி, உன்ர மனுசனுக்கு என்னில என்ன கோபம்?"

பெட்ரோல் ஸ்டேஷன் வேலை அப்படியே போகிறது. இந்த மாநிலத்தில் கார்க்காரர் தன் கையால் பெட்ரோல் அடிக்கக்கூடாது என்று சட்டம். அதனால் வருகிறவன் எல்லாம் என்னோடு கதைத்தே ஆகவேண்டும். எனக்கென்றே போட்ட சட்டம். சுவாமிநாதன் மகளின் கலியாணம் ஜனவரியில். மைக் வழக்கம்போல் என் கையில்தான். இன்னும் எழுதலாம். ஏழாம் பக்கம் முடிகிறது.

என்றும் உன்
அப்பா

ரீகா, லத்வியா
2 நவம்பர் 2003

அன்புள்ள அப்பா,

ஏழு பக்கத்தில் எனக்குத் தேவையான செய்தி இரண்டு வரி. கோபிக்காதீர்கள்.

இந்த வருடத்திலிருந்து நோயாளிகளோடு லத்வியனில் கதைக்க வேண்டும். முதல் நாள் ஒரு கிழவரிடம் நம் வழக்கப்படி ஊர் கேட்டேன், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், சாப்பிட்டாரா என்று கேட்டேன். அதன் பிறகுதான் எங்கே நோகிறது என்று கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பேராசிரியை எல்லோர் முன்னாலும் "ஈசி உன் ஸ்கைட்ரி" என்றார். சுருக்கமாக, தெளிவாக என்று அர்த்தம். எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னது சரி. நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு கதைக்கிறோம்.

இப்போது ட்ராமில் போகும்போது இந்தச் சொற்களை முணுமுணுத்துப் பழகுகிறேன். "வியெனா வார்டா" என்றால் ஒரே சொல்லில். "ஈசி சகுவொட்" என்றால் சுருக்கமாகச் சொன்னால். நீங்களும் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் எப்படி என்று கேட்டால், "ஈசி சகுவொட், லபி." லபி என்றால் நல்லது. அவ்வளவு போதும். போன் கார்டும் பாதியில் அறாது.

இன்னொன்று. அன்ரிமாரிடம் "மகள் ஐரோப்பாவில்" என்று இழுக்க வேண்டாம். அமெரிக்காவில் டொக்டருக்குப் படிக்க அப்பனும் டொக்டராக இருக்க வேண்டும், எங்களுக்கு வழியில்லை, அதனால் லத்வியா என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை.

பவா

எடிசன்
18 ஜனவரி 2004

அன்பு மகள் பவாவுக்கு,

லபி! உன் பாடம் இங்கே நன்றாக ஓடுகிறது. ஒருவன் கார்க் கண்ணாடியை இறக்கி "ஹவ் ஆர் யூ" என்றான். "ஈசி சகுவொட், லபி" என்றேன். அவன் அது இந்தி என்று நினைத்து "நமஸ்தே" சொல்லிவிட்டுப் போனான். அம்மா சிரித்துக் களைத்துவிட்டா. இனி வீட்டில் கறிக்கு உப்புப் போதுமா என்றாலும் லபிதான்.

பனி இடுப்பளவு. உனக்குப் பார்சலில் மிளகாய்த்தூள் அனுப்பியிருக்கிறோம்.

சுவாமிநாதன் மகளின் கலியாணம் நடந்தது. பாதியில் என் குரல் கம்மிப் போய், மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். நத்தார்ப் பண்டிகையிலிருந்தே இப்படித்தான். தண்ணீர் விழுங்கவும் கொஞ்சம் நோகிறது. பெட்ரோல் ஸ்டேஷனில் விரலைக் காட்டிச் சமாளிக்கிறேன். டொக்டரிடம் போ என்று அம்மா நிற்கிறா. இந்த வேலைக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பது உனக்குத் தெரியும். பனி போனால் சளியும் தடிமலும் போகும். உன் படிப்பில் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

அப்பா

ரீகா
14 மார்ச் 2004

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தை ட்ராமில் வாசித்துச் சிரித்தேன். மிச்சம் பரீட்சை முடிந்த பிறகு. ஜூன் வரைக்கும் மூச்சுவிட நேரமில்லை.

டெலிபோனில் நீங்கள் எவ்வளவு முன்னேறிவிட்டீர்கள்! போன ஞாயிறு "ஈசி சகுவொட், லபி" என்று அந்தக் கரகரத்த குரலில் சொல்லிவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்தீர்களே, அசல் லத்வியக் கிழவர். எனக்கு அறையில் தனியாகச் சிரிப்பு. இப்படியே இருங்கள்.

பவா

எடிசன்
12 ஜூன் 2004

மகளுக்கு,

பரீட்சை முடிந்திருக்கும். இப்போது சொல்லலாம்.

தொண்டையில் புற்றுநோய். மே மாதம் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஏழைகளுக்கான திட்டத்தில் ஆஸ்பத்திரி சேர்த்துக்கொண்டது. பிழைத்துக்கொண்டேன். இனிப் பேச்சு வராது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வேலையில் என்று அம்மா சொன்னா. அவவைக் கோபிக்காதே, நான்தான் சொல்லச் சொன்னது.

ஈசி உன் ஸ்கைட்ரி. சரியா?

அப்பா

ரீகா
24 ஜூன் 2004

அப்பா,

ஜனவரிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை இன்றைக்குத்தான் வாசித்தேன். அது உடுப்புப் பெட்டிக்குள் மடித்தபடியே கிடந்தது. கேள்வியோடு முடித்திருக்கிறீர்கள். பதில் என் புத்தகத்தில் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் அடைத்திருந்தால் உடனே தொண்டையைப் பார்க்க வேண்டும். இந்தப் பரீட்சையில் கேட்டார்கள். சரியாக எழுதினேன்.

இன்சூரன்ஸ் இல்லாதவன் தொண்டை அடைத்தால் விரலைக் காட்டிப் பிழைக்க வேண்டும் என்று வைத்திருக்கிற நாட்டின்மேல் எனக்குக் கொதிக்கிறது. ஆனால் அந்த நாடு உங்கள் குரலைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். கேட்டுச் சிரித்தேன்.

நீங்கள் எனக்குக் கடைசியாகச் சொன்ன சொல் தமிழில்கூட இல்லை, அப்பா. நான் பழக்கினது. வருகிறேன்.

பவா

எடிசன்
21 நவம்பர் 2004

அன்பு மகள் பவாவுக்கு,

நாங்கள் சுகம். கழுத்து ஆறிவிட்டது. பெட்ரோல் ஸ்டேஷனில் என்னைத் திரும்ப எடுக்கவில்லை, கதைக்க முடியாதவன் எதற்கு என்று. இப்போது ஒரு மளிகைக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு சேர்ச்சுக்குப் போகிறேன். முந்தி வெளியே காரில் இருப்பேன். இப்போது பாடச் சொல்லி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதால் உள்ளேயே இருக்கிறேன்.

ஜூலையில் நீ வந்து நின்றபோது நான் எழுதிக் காட்ட, நீயும் எழுதிக் காட்டினாய். உன் வாய்க்கு என்ன வந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இனி விஷயம். நாங்கள் சேர்ச்சால் வரும்போது மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறது. அழுத்தினால் பேச்சு இல்லை, மூச்சு மட்டும். அம்மா, "யாரோ விசரன், ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துப்போட்டுப் பேசாமல் வைக்கிறான். மெஷினில இருக்கிற உங்கட குரலையும் அழிச்சு வேற போடுவம்" என்றா. நான் அழிக்க விடவில்லை. மூச்சுக்குப் பின்னால் ட்ராம் மணி கேட்டது. எடிசனில் ட்ராம் ஏது?

போன ஞாயிறு அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். மணி அடித்தது. என் குரல் சொல்லி முடித்தது. நீ வைத்துவிட்டு மறுபடி எடுத்தாய். பிறகும் எடுத்தாய். நான் ரிசீவரைத் தூக்கவில்லை. தூக்கினால் மெஷின் நின்றுவிடும், உனக்கு அந்தக் குரல் கிடைக்காது.

இனி ஒவ்வொரு ஞாயிறும் இருப்பேன். தூக்கமாட்டேன். ஆனால் நீ கதைக்க வேண்டும். என்ன சாப்பிட்டாய், எந்தக் கிழவர் உன்னை ஏசினார், குளிர் எப்படி, எல்லாம். மெஷின் சொல்வதைக் கேளாதே, அது நீ சொல்லித் தந்தது. நீட்டிக் கதை, பிள்ளை. கூக்கென்று அறுத்தால் திரும்ப எடு.

அப்பா