ஒட்டீலியின் காய்ச்சல்

அக்டோபர் 9, 1714. வைசன்ரோடா

பிளம் பழம் காய்ச்சி ஜாடிகளில் ஊற்றியாயிற்று. அடுப்படிப் புகை என் படுக்கையறை வரை வந்துவிட்டது. கணவர் உயிரோடு இருந்திருந்தால் கத்தியிருப்பார்.

மதியம் எர்லன்ஹோஃபிலிருந்து குதிரைக்காரன் வந்தான். என் தங்கை ஒட்டீலிக்குக் காய்ச்சலாம், படுத்திருக்கிறாளாம், அக்கா வந்து பார்க்க வேண்டுமாம்.

சிரித்துவிட்டேன். இந்தக் காய்ச்சலை எனக்குத் தெரியாதா? மூன்று வருடத்துக்கு முன் பேரரசர் அவள் கணவருக்குச் சிற்றரசர் பட்டம் கொடுத்தார். நாங்கள் பழையபடி பிரபு வீடுதான். அன்றிலிருந்து அவள் எனக்கு முன்னால் கதவைத் தாண்ட வேண்டும், வலப்பக்கம் நடக்க வேண்டும், கைவைத்த நாற்காலியில் உட்கார வேண்டும். எனக்கு முக்காலி. அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். முடியாது என்றேன்.

இதற்கு எல்லா அரண்மனைகளிலும் ஒரே வைத்தியம்தான். யார் வீட்டில் சந்திப்போ, அந்த வீட்டுக்காரி காய்ச்சல் என்று படுத்துக்கொள்வாள். நோயாளி எழ வேண்டாம், வழியனுப்ப வேண்டாம், பந்திக்கு வர வேண்டாம். யாருக்கும் குறைவில்லை. ஈஸ்டருக்கு அவள் இங்கே வந்தபோது நான் காலணியைக்கூடக் கழற்றாமல் போர்வைக்குள் கிடந்தேன். அவளோ தன் கைவைத்த நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்! சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அதோடு பேச்சில்லை.

இப்போது அவள் வீட்டில் என்னை முக்காலியில் உட்கார்த்திப் பார்க்க ஆசை போலிருக்கிறது. எனக்கும் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். அரண்மனை மரியாதைகளைக் கவனிக்கும் கிழவர் ராம்பெர்க், இதைவிடக் கச்சிதமான பதில் கிடையாது என்றார்.

அக்டோபர் 12

மழை. பாதையெல்லாம் சேறு.

அக்டோபர் 14

மறுபடியும் அதே குதிரைக்காரன், அதே செய்தி. நல்ல நடிப்பு. எனக்கும் அப்படியே இருக்கிறது என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராம்பெர்க் அவனைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 17

ஜெயித்துவிட்டேன்.

குதிரைக்காரன் இந்த முறை மனப்பாடமாக ஒப்பித்தான்: அக்காவே முன்னால் வரட்டும், வலப்பக்கம் அக்காவுக்கே, நாற்காலியும் அக்காவுக்கே. சாட்சிக்கு ராம்பெர்க்கும் இருந்தார். நெகிழ்ந்துபோய்விட்டார் மனுஷன்.

போகத்தான் வேண்டும், ஆனால் போகிற மாதிரி போக வேண்டும். ஆறு குதிரை பூட்டச் சொன்னேன். பச்சை வெல்வெட்டுக்குப் புதுச் சரிகை வைக்க மூன்று நாளாகும். ஆகட்டுமே.

அக்டோபர் 18

காலையில் பச்சை வெல்வெட்டைப் போட்டுப் பார்த்தேன். பணிப்பெண் பெர்பெல் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே, "கடைசியில சின்னம்மா எறங்கி வந்துட்டாங்க பாருங்க" என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒட்டீலி இறங்கி வந்தாளா? ஒட்டீலியா? பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு சாதிக்கிறவளாச்சே. அம்மா சாகக் கிடந்தப்பகூட முத்துமாலைக்குச் சண்டை போட்டவளாச்சே. அவ எதுக்கு விட்டுக் குடுக்கணும்? நெஜமாவே காய்ச்சலா? பத்து நாளாவா? கடவுளே, நான் என்ன பதில் சொல்லியனுப்பினேன்!

இரண்டே குதிரை பூட்டிய வண்டியில் நானும் பெர்பெலும் கிளம்புகிறோம். ஆறு பூட்ட நேரமில்லை.

அக்டோபர் 19. எர்லன்ஹோஃப்

ஒவ்வொரு கதவிலும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கைவைத்த நாற்காலி கட்டிலருகே தயாராக இருந்தது. நான் கட்டிலிலேயே உட்கார்ந்தேன்.

ஒட்டீலிக்கு உதடு வெடித்திருக்கிறது. கை குச்சியாகிவிட்டது. அவள் கணவர் வியன்னாவில் இருக்கிறார், தகவல் போய்ச் சேரவே நாளாகும். காய்ச்சல் இறங்கட்டும் என்று வைத்தியர் இரண்டு முறை கையைக் கீறி ரத்தம் வடித்துவிட்டாராம். போதகரை அழைக்கட்டுமா என்று என்னைக் கேட்டார். வீட்டுக்கு மூத்தவள் நான்தானாம்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்டி" என்றேன்.

"பரவால்ல அக்கா. நீ எப்ப வந்தாலும் சரிதான்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 21

எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாள். மருந்து குடி என்றால் குடிக்கிறாள். திரும்பிப் படு என்றால் படுக்கிறாள். இவள் என் தங்கையே இல்லை.

பொறுக்க முடியாமல் வேண்டுமென்றே சீண்டினேன். "உன் புருஷன் பட்டம் காசு குடுத்து வாங்கினதுன்னு ஊரே பேசுதுடி."

"இருக்கும் அக்கா" என்றாள்.

நடைக்குப் போய் நின்று அழுதேன். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். எனக்கு எல்லாமே ஆடியது. இவ போயிட்டா என்னை எதிர்த்துப் பேச இந்த உலகத்துல யாரு இருக்கா?

அக்டோபர் 22

போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 25

விடியும்போது அவள் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. வைத்தியர் நாடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பார்க்கலாம் என்றார்.

அக்டோபர் 27

பார்லிக் கஞ்சி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள். "இது கஞ்சியா, பாத்திரம் கழுவின தண்ணியா? உங்க வீட்ல இதைத்தான் குடிக்கிறீங்களா?"

பெர்பெலைக் கூப்பிட்டு வேறு கஞ்சி வைக்கச் சொன்னேன்.

நவம்பர் 3

ஒட்டீலி இன்று எழுந்து நடந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடைக்குப் போகலாம் என்றாள். மெதுவாகத்தான் போனோம், பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். வீட்டு ஆட்கள் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு எனக்காக ஒதுங்கி நின்றார்கள், அவள் உத்தரவு இன்னும் அப்படியே இருந்தது.

வாசற்படி வந்ததும் என் தோளை விட்டாள். முழங்கையால் என்னை ஓரமாகத் தள்ளினாள்.

"காய்ச்சல்ல என்னென்னமோ சொல்லிட்டேன் அக்கா. அதையெல்லாம் கணக்குல வெச்சுக்காத."

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் கதவைத் தாண்டினாள். ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ராம்பெர்க் இங்கே இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

நான் பின்னால் போனேன். அவளுக்குக் கால் இன்னும் தள்ளாடுகிறது. விழுந்தால் பிடிக்கப் பின்னால் நடப்பதுதான் வசதி.