அடியில் ஓட்டை இல்லாத வாளிகள்

நான் ஒருநாளும் நேரில் பார்த்திராத என் அன்பான பார்வதி அக்காவுக்கு,

உங்கள் நினைவு நாள் வருகிறது. உங்கள் போட்டோவைப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று நோட்டீஸ் அடிக்கலாமா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டார். அடியுங்கள் என்றேன். ஆனால் எனக்குக் கண்ணீர் வரவில்லை அக்கா. எனக்கு வருவது பொறாமை. அதை நோட்டீசில் போட முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம். யார் படித்தாலும் பரவாயில்லை.

நான் செல்வி. நீங்கள் போன பிறகு உங்கள் காம்பிரா வீட்டில் விளக்கேற்ற வந்தவள். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. உங்கள் வீட்டுக்காரர்தான் இப்போது என் வீட்டுக்காரர். அவருக்கு இது இரண்டாவது கல்யாணம், எனக்கு இதுதான் முதலாவது. வயது போய் வந்த கல்யாணம் என்றாலும், எனக்கும் ஆசைகள் இருந்தன.

ஹல்துமுல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கல்யாணச் சேலையோடு லயத்து வரிசை வீடுகளுக்குள் நுழைந்தபோது, என் கண்ணில் முதலில் பட்டது உங்கள் வாசல்தான். பெயின்ட் வாளிகளில் கத்தரி. வாய் வெட்டிய எண்ணெய்க் கேன்களில் கொச்சிக்காய். உரப்பைகளில் தக்காளி. தயிர்ச் சட்டிகளில் புதினாவும் கொத்தமல்லியும். ஆரத்தித் தட்டோடு வந்த பக்கத்துக் காம்பிரா மேரி அக்கா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், என் சேலை உரசிய செடியைப் பார்த்துவிட்டார்.

“மெதுவா புள்ள, மெதுவா! அது பார்வதி வச்சது.”

அன்றைக்கு ஆரம்பித்தது. ரசம் மணத்தால் பார்வதி கொத்தமல்லி. சம்பல் உறைத்தால் பார்வதி கொச்சிக்காய். நான் காலையிலிருந்து அடுப்படியில் வெந்து சமைத்தாலும் பெயர் உங்களுக்குத்தான். அவரைக் கேட்கவே வேண்டாம். என்னிடம் 'தேத்தண்ணி' என்ற சொல்லுக்கு மேல் பேசாத மனிதர், காலையில் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும் முன் கத்தரிச் செடியிடம் குனிந்து, “என்னம்மா, வாடிட்டியா?” என்று கேட்கிறார். நான் வாடினால் கேட்க ஆளில்லை. செத்துப்போன ஒருத்தியோடு போட்டி போட்டு எப்படி அக்கா ஜெயிப்பது? நீங்கள் இனிமேல் ஒரு தப்பும் செய்யப் போவதில்லையே.

எல்லாவற்றையும்விடச் சுட்டது உங்கள் மகள் தர்ஷினி. வெள்ளவத்தையில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். போன் எடுத்தால், “அப்பா இருக்காங்களா?” என்பாள். அவ்வளவுதான். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அம்மா என்று கூப்பிட வேண்டாம். சித்தி என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்குமா பஞ்சம்?

சித்திரை மழை ஓய்ந்த சமயத்தில், ஒருநாள் வாசலைக் கழுவ உங்கள் வாளி ஒன்றைச் சாய்த்தேன். அடியில் ஓட்டையே இல்லை. பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் மேலே ஒரே ஒரு ஓட்டை. அடுத்த வாளியும் அப்படித்தான், சட்டிகளும் அப்படித்தான். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! எங்கள் பக்கத்தில் நண்டுசிண்டுகளுக்கும் தெரியும், அடியில் ஓட்டை போடாவிட்டால் மழையில் வேர் அழுகிவிடும் என்று. ஊரே தலையில் வைத்து ஆடுகிற பார்வதிக்கு இது தெரியவில்லையே என்று தனியாக நின்று சிரித்தேன்.

அவர் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போன நாளாகப் பார்த்து, அடுப்பில் கம்பியைக் காய்ச்சி, உங்கள் வாளி, கேன், உரப்பை ஒன்று விடாமல் அடியில் ஓட்டை போட்டேன். தயிர்ச் சட்டிகளை ஊறவைத்து ஆணியால் குடைந்தேன். இனி இது என் தோட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆனி பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஆனி என்றால் குடையை மடக்க முடியாத மழை. இங்கே மழைக்குப் பதில் காற்று வந்தது. கூரைத் தகரத்தைத் தூக்குகிற, உதட்டை வெடிக்க வைக்கிற வறண்ட காற்று. லயத்துக்கே பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. வரிசையில் நின்று பிடித்து வந்து ஊற்றினால், ஊற்றிய கையோடு அடியால் ஓடிச் சாக்கடைக் கானுக்குள் போனது. தக்காளி சுருண்டது. கொச்சிக்காய் பூவோடு கொட்டியது. புதினா காய்ந்த தேயிலைத் தூளாகிப் போனது.

மேரி அக்கா ஒரு வாளியைத் தூக்கி அடியைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“அடிப் பாவி மகளே! அவளும் உன்ன மாதிரி மழப் பக்கம், மஸ்கெலியாவுல இருந்து வந்தவதான். வந்த வருசம் இதே மாதிரி அடியில ஓட்டய போட்டு, இந்தக் காத்துல அம்புட்டையும் காயவிட்டுட்டு, இதே வாசப்படியில உக்காந்து அழுதா. அப்புறந்தான் பக்கத்துல ஓட்ட போட்டா. கீழ கொஞ்சம் தண்ணி தங்குனாத்தானே காத்துக்குத் தாங்கும்?”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த வீட்டில் என் சொந்தத் தப்பு என்று ஒன்றாவது இருக்கும் என்று பார்த்தேன். அதையும் எனக்கு முன்னாலேயே நீங்கள் செய்து முடித்திருக்கிறீர்கள்.

அவர் வந்ததும் சண்டை பிடித்தேன். “ஓட்டய பாத்தீங்கதானே? ஏன் அன்னைக்கே சொல்லல?”

அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, “அவகிட்டயுந்தான் சொல்லல. சொன்னா கேக்குற ஆளுங்களா நீங்க ரெண்டு பேரும்?” என்றார்.

நீங்கள் இரண்டு பேரும். அந்தக் காம்பிராவில் அவர் என்னை உங்களோடு சேர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கோபம் பாதியில் நின்றுவிட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மறுநாள் என் பழைய ரப்பர் செருப்பை வெட்டி, உங்கள் வாளிகளின் அடியை அடைத்தேன். கோயிலுக்குத் திருவிழாப் பெயின்ட் அடித்தவர்களிடம் நானே போய் ஒரு நீல வாளி கேட்டு வாங்கினேன். அது உங்கள் கை படாத வாளி. பக்கவாட்டில், இரண்டு விரல் மேலே, ஓட்டை போட்டேன். ஓட்டை மட்டத்துக்கு உடைந்த செங்கல், அதன்மேல் சாக்குத் துண்டு, அதன்மேல் மண். காய்ந்த சட்டியைக் கிளறியபோது உங்கள் புதினாவில் ஒரு வேர் மட்டும் பச்சையாக இருந்தது. அதை நீல வாளியில் நட்டேன்.

ஆடித் திருவிழாவுக்கு தர்ஷினி வந்தாள். பாதி வாளிகள் வெறுமையாக இருந்த வாசலைப் பார்த்தபடி நின்றாள்.  பிறகு நீல வாளியிடம் போய் உட்கார்ந்து, ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தாள்.

“இது அம்மா வாளி இல்லையே. யாரு செஞ்சது?”

“நான்தான். புதினா மட்டும் அம்மாவோடது.”

 திரும்பிப் போகிற காலையில், “இத என் போர்டிங் ரூமுக்குக் கொண்டு போகட்டுமா?” என்றாள். ஒரு வேரைப் பிரித்து இங்கே உங்கள் வாளி ஒன்றில் நட்டுவிட்டு, நீல வாளியின் வாயைக் கட்டி, அவருடைய பழைய சாரத் துணியால் சுற்றி, பஸ்ஸில் அவள் மடியில் வைத்துவிட்டேன். பஸ் போனபின்பும் அவள் என்னைக் கூப்பிடவில்லை என்பதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

நேற்று போன் வந்தது. அப்பாவைக் கூப்பிடப் போனேன்.

“இல்ல, உங்ககிட்டதான். சித்தி, இதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்?”

நான் எத்தனையோ சொல்லியிருக்கலாம் அக்கா. என் வாளி, என் கை, என் கணக்கு என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? “அம்மா ஊத்துற மாதிரிதான்டா. பக்கத்து ஓட்டையில தண்ணி எட்டிப் பாக்குற வரைக்கும்.”

ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த சொல். அது கிடைத்த அதே நிமிடத்தில் உங்கள் பெயரை நானே இழுத்துவிட்டேன். எப்படி எரியும் எனக்கு?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அந்தப் புதினா அவளிடமிருந்து ஒருநாளும் அற்றுப்போக விடமாட்டேன். அங்கே பட்டுப்போனால் இங்கிருந்து வேர் போகும். அது அம்மாவுடையது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் கொடுப்பேன். ஆனால் வாளி என்னுடையதாகத்தான் இருக்கும். அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

பொறாமை இன்னும் அடங்காத,
உங்கள் தங்கச்சி,
தர்ஷினியின் சித்தி