நான் ஒளித்த மூன்று படப் புத்தகங்கள்

நேற்றுக் காலை பரண் மேலிருந்து கூழ் காய்ச்சும் பெரிய குண்டானை இறக்கினேன். நீங்கள் போன பிறகு நம் வீட்டில் ஆடிக்குக் கூழ் ஊற்றியதில்லை. இந்த வருடமாவது ஊற்றலாம் என்று மருமகள் சொன்னாள். மூடியைத் திறந்தால் கரப்பான் நாற்றம். அடியில் பேப்பரில் சுற்றிய ஒரு படப் புத்தகம். நூலகத்து முத்திரை அப்படியே இருந்தது. அட்டையில் ஒரு படகு, படகில் தலை நரைத்த தாத்தா. எங்கே வைத்தேன் என்று நான்கு வருடமாகத் தேடிய புத்தகம் அது. உங்கள் கண்ணில் படக்கூடாது என்று நானே ஒளித்தது.

அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். அஞ்சாவதோடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று நீங்களே பத்துப் பேரிடம் சொன்னவர்.

நீங்கள் ரிட்டையர் ஆகி, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய வீட்டுக்கு நாம் வந்த வருடம். நம் பேத்தி கயலுக்கு அப்போது நான்கு வயது நிரம்பவில்லை. நம் மகன் செல்வமும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை நம்மிடம்தான். காலமெல்லாம் நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் பார்த்த உங்களுக்குச் சும்மா உட்கார வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளை மொபெட்டின் முன்னால் நிற்க வைத்து டவுன்ஷிப் நூலகத்துக்குக் கிளம்பிவிடுவீர்கள். ஒரு கார்டுக்கு நான்கு புத்தகம். நான்கும் ஒரே விஷயமாக இருக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். மழை என்றால் நான்கும் மழை. ரயில் என்றால் நான்கும் ரயில். நான்கு புத்தகம் எடுக்க ஒன்றரை மணி நேரமா என்று நான் முனகிக்கொண்டே இருப்பேன். வண்டி நிற்பதற்குள் கயல் கத்துவாள்.

"ஆயா, இந்த வாரம் ரயில் ஷிப்ட்டு!"

அந்தப் பேரை வைத்தவர் நீங்கள். நான்கு புத்தகத்தையும் பாயில் பரப்பி, "ஒரே ரயில நாலு பேரு நாலு மாரி வரைஞ்சிருக்கான் பாரு. எது நெசம்னு சொல்லு" என்று அவளைக் கேட்பீர்கள். அவள் நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஐந்தாவதாக ஒன்றைத் தானே சுவரில் கிறுக்குவாள். சுவர் கெட்டுப்போகிறதே என்று நான் கத்துவேன். நான் படித்துக்காட்டும் முறை வந்தால் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துத்தான் படிப்பேன்.

"என்னா அஞ்சாங்கிளாசு, வண்டி ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னு நின்னு போவுது?"

"நான் அஞ்சாவது பாஸுங்க. பத்தாவது பெயிலு யாருன்னு ஊருக்கே தெரியும்."

எது வேடிக்கை என்று புரியாமலே கயல் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தக் கார்த்திகையில்தான் சோறு நெஞ்சில் நிற்கிறது என்றீர்கள். பிறகு இட்லியும் நின்றது. கஞ்சிக்கு வந்தோம். இங்கே பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கயலுக்குக் கொய்யாப்பழம் வாங்கப் போனீர்கள். அந்த இடைவெளியில் செல்வம் என் காதோரம் வந்தான்.

"அம்மா, கேன்சராம். முத்திப்போச்சாம். மூணு மாசம், மிஞ்சினா நாலுன்றாங்க. அப்பாகிட்ட அல்சருன்னு சொல்லிடுவோம். தெரிஞ்சா மனுசன் அப்பவே படுத்துடுவாரு. நீ மூஞ்சியில காட்டாத."

நீங்கள் பழத்தோடு வந்தீர்கள். "என்னா, ஆத்தாளும் மவனும் ரகசியம்?"

"அல்சராங்க. காரம் ஆவாதாம்" என்றேன். குரல் எப்படித்தான் அவ்வளவு சாதாரணமாக வந்ததோ.

வீட்டில் எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்டேன். பார்க்க வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்திச் சொல்லி அனுப்பினேன். புத்தகங்களின் ஞாபகம் மட்டும் எனக்கு வரவில்லை.

அந்த ஞாயிறு யானை ஷிப்ட். மத்தியானம் நீங்களும் பிள்ளையும் தூங்கும்போது சும்மா புரட்டினேன். மூன்றில் குட்டி யானைகள் தண்ணீரில் ஆடின. நான்காவதில் ஒரு கிழட்டு யானை கூட்டத்தை விட்டு விலகி நடந்தது. அடுத்த பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தது. அதற்கடுத்த பக்கத்தில் வெறும் காடு. அந்தப் புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் அமுக்கி வைத்தேன்.

"நாலு எடுத்தாந்தோம் ஆயா, மூணுதான் கீது" என்றாள் கயல்.

"லைப்ரரிலயே வச்சிட்டு வந்திருப்பீங்க."

நீங்கள் முதல் யானையைப் பிரித்தீர்கள்.

அடுத்த வாரம் மரம். ஒன்றில் பட்டுப்போன மரத்தடியில் ஒருவன் கோடாலியோடு நின்றான். அதுவும் டிரம்முக்குள் போயிற்று. அதன்பின் ஞாயிறு வந்தாலே எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். நீங்கள் மொபெட்டில் வந்து இறங்கும்போது என் கண் உங்கள் முகத்துக்குப் போகாது, பைக்குப் போகும். என்ன கொண்டுவருகிறாரோ என்று. எந்த விஷயத்தை எடுத்தாலும் அதில் ஒரு கிழடு இருந்தது, இல்லை ஒரு கடைசி இருந்தது.

மூன்றாவது வாரம் ஆறு. ஒரு தாத்தா தனியாகப் படகில் அக்கரைக்குப் போகிறார், இக்கரையில் ஒரு பிள்ளை கையாட்டுகிறது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுத்தைக்கூடப் படிக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிக் குண்டானுக்குள் போட்டு மூடினேன். நேற்றுதான் முழுவதும் படித்தேன். தாத்தா சந்தைக்குப் போகிறார். கடைசிப் பக்கத்தில் ஒரு பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார். கதை அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, மத்தியான ஷிப்ட் பஸ் போய்த் தெரு அடங்கிய நேரம். கயல் தூங்கிவிட்டாள். கட்டிலில் சாய்ந்திருந்த நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"ஏ அஞ்சாங்கிளாசு."

"என்னாங்க?"

"யான வாரம் கெழட்டு யானயக் காணோம். மரம் வாரம் பட்ட மரத்தக் காணோம். இந்த வாரம் படகுல போன கெழவனக் காணோம்." கொஞ்சம் மூச்சு வாங்கினீர்கள். "நான் ரேக்குகிட்ட குந்திகினு ஒவ்வொன்னையும் கடைசி வரிக்கும் படிச்சிப் பாத்துட்டுத்தான் எடுத்தாரேன். உனக்குத் தெரியாதா? இந்த வூட்டுல கெழம்னு இனிமே பாக்கி நான் ஒருத்தன்தான்."

நான் குனிந்து கயலின் போர்வையைச் சரிசெய்தேன்.

"டாக்டரு எத்தினி நாளுன்னான்?"

"அல்சருதாங்க. காரம்தான் ஆவாதுன்னு..."

"சரி, அல்சருன்னே வச்சிக்குவோம்" என்றீர்கள்.

சமையலறைக்கு ஓடினேன். அழுகிற சத்தம் உங்களுக்குக் கேட்கக்கூடாது என்று காலி ஜாரை மாட்டி மிக்ஸியை ஓட்டினேன். காலி ஜார் எப்படிச் சத்தம் போடும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? ஆயுசு முழுக்க மெஷின் சத்தத்தோடு இருந்தவர் நீங்கள்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். நீங்கள் நடிப்பது எனக்குத் தெரிந்தது, நான் நடிப்பது உங்களுக்குத் தெரிந்தது. வண்டி ஓட்ட முடியாமல் போனதும் கயலோடு நானே பஸ்ஸில் போனேன். டிரம்மில் இருந்த இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன், படகை எங்கே வைத்தேன் என்று நினைவு வராமல் அதற்குக் காசு கட்டினேன். ரேக்குக்கு முன்னால் குந்தி, எழுத்துக்கூட்டிக் கூட்டி, கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு எடுத்தேன். நான்கும் சிரிப்புக் கதை.

"சிரிப்பு ஷிப்ட்டா?" என்று கேட்டுச் சத்தமே வராமல் சிரித்தீர்கள். "ஓவர்டைம் பாக்க வேண்டியதுதான்."

கடைசியில் உங்களுக்குக் குரல் எழவில்லை. நீங்கள் பக்கத்தைத் திருப்ப, கயல்தான் கதை சொன்னாள். ஒரு நாள் சாயங்காலம் கட்டிலில் ஒருக்களித்து நகர்ந்து எனக்கு இடம் விட்டீர்கள். "செத்த குந்து" என்று மூச்சுக் காற்றாகச் சொன்னீர்கள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

நீங்கள் போன பிறகு கயல் கேட்டாள், தாத்தா எங்கே என்று. "நைட் ஷிப்ட்டு போயிருக்காரு" என்றான் செல்வம். அவனுக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிள்ளை மறுநாள் விடிந்ததும் போய் வாசல் கேட் அருகே நின்றது. ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்களை ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தது. அடுத்த நாளும் நின்றது. காரியம் முடிந்த பிறகும் நின்றது. ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "தாத்தா செத்துப்போயிட்டாரு கண்ணு. இனிமே வரமாட்டாரு" என்றேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"அப்பா ஏன் பொய் சொன்னாரு?"

அவள் அப்பன் ஆரம்பித்த அல்சர் பொய்யைக் கடைசிவரை காத்தவளே நான்தானே.

இப்போது அவளுக்கு எட்டு வயது. இங்கிலீஷும் தடதடவென்று படிக்கிறாள்.

ஒரு மாதமாக எனக்கு வயிற்றில் ஒரு வலி. போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் செல்வத்தின் போனுக்கு வந்தது. வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தான். "ஒண்ணுமில்லம்மா, வயித்துல கேஸுதான். கெழங்கு துன்னாத" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மருமகள் என்னைப் பாத்திரம் தேய்க்க விடுவதில்லை. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

நேற்றுச் சாயங்காலம் அவன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான்.

"செல்வம், அந்த ரிப்போர்ட்டுல என்னா போட்டிருக்கு?"

"அதான் சொன்னேனேம்மா. சும்மா நோண்டிகினே இருக்காத."

"உங்கப்பா என்னக் கேட்டாரு, நான் சொல்லல. கொழந்த புக்கப் பாத்துத் தானாத் தெரிஞ்சிகினு கெடந்தாரு மனுசன். எனக்கு அது வாணாம். நீ சொல்லலன்னா உன் போன கயலுகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுவேன்."

எழுந்து டி.வி.யை நிறுத்தினான். கயலை வெளியே விளையாட அனுப்பினான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். நான் எழுந்து போகவில்லை. கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் பயப்படும்போது பக்கத்தில் ஆள் இருந்தது. அந்த ஏழு வாரமும் உங்களுக்கு அப்படி யாரும் இல்லாமல் செய்தவள் நான். அதைத்தான் இன்னும் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.